நம்ம ஊர்ப் பையன்கள் பட்டாளத்துக்குப் போகிறார்கள்: நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்?

கண்மாய்க்கரை (உசிலம்பட்டி) எழுதியது:

உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் விடியுமுன் வண்டியில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். கண்மாய்க் கரையில், பள்ளிக்கூட மைதானத்தில், ரோட்டோரத்தில் பையன்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலர் போலீஸ் தேர்வுக்கு, சிலர் பட்டாளத்துக்கு. எங்கள் ஊரில் அவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது நான்தான். கல்லூரியில் ஓட்டக்காரனாக இருந்தேன், பட்டாளத்தில் இருந்ததில்லை.

இந்த இழையை ஆரம்பிக்கக் காரணம் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்தப் பையன்களிடம் பேசுகிற பேச்சு. ஒருவர், "நாட்டுக்காகவா போறீங்க, சம்பளத்துக்குத்தானே" என்கிறார். அடுத்தவர், "நாலு வருசத்துல திருப்பி அனுப்பிருவான், அதுக்குத் திருப்பூர் போனா ஒரு தொழிலாவது கையில இருக்கும்" என்கிறார். அதே ஆட்கள்தான் ஒரு பையன் தேர்வாகிவிட்டால் முக்குக்கு முக்கு ஃபிளெக்ஸ் கட்டி மாலை போடுகிறார்கள். இதற்கு நடுவில் அந்தப் பையனுக்குத் தெரிய வேண்டிய ஒரு விஷயத்தையும் யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தை நினைத்துப் போகிறவனுக்கு நாட்டுப்பற்று இல்லை என்பது அநியாயமான பேச்சு. வானம் பார்த்த பூமியில் அப்பா ஆடு மேய்த்து, அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ப் படிக்க வைத்த பையன் முதலில் வீட்டைத்தான் நினைப்பான். வீட்டை நினைக்கிறவனைத்தான் நம்பி எல்லையில் நிறுத்தலாம் என்பது என் எண்ணம்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் புது முறையான அக்னிபாத் திட்டத்தை 2022 ஜூன் 14-ல் அறிவித்த பிறகு குழப்பம் கூடிவிட்டது. அதில் சேர்கிறவருக்கு அக்னிவீர் என்று பெயர். பணி 4 ஆண்டு. அதிகபட்சம் 25 சதவீதம் பேருக்குத்தான் அதன் பிறகு நிரந்தரப் பணி. மற்றவர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, பணிக்கொடையும் இல்லை. முன்பு சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு முடித்தால் ஆயுள் முழுக்க பென்ஷன். இவ்வளவு மாறியும் விடியற்காலையில் ஓடுகிற கூட்டம் நிற்கவில்லை. அவர்களிடம் நாம் என்ன சொல்வது? பட்டாளத்தில் இருந்தவர்கள், வீட்டில் பட்டாளத்துக்காரர் உள்ளவர்கள், ஆசிரியர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

பேரையூர்_நாயக் எழுதியது:

தம்பி, இதைக் கேட்டதற்கே உனக்கு நன்றி. நான் மெட்ராஸ் ரெஜிமெண்டில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்றவன். பயிற்சி குன்னூர் வெலிங்டனில். 1758-ல் ஆரம்பித்த ரெஜிமெண்ட், காலாட்படையிலேயே மூத்தது. "வீர மதராசி, அடி கொல், அடி கொல்" என்று அந்தக் குளிரில் கத்திக்கொண்டு ஓடியது இன்றும் காதில் இருக்கிறது.

நான் ஏன் போனேன்? வீட்டில் பிள்ளைகள் அதிகம், கிணறு வற்றிவிட்டது. அண்ணன் பம்பாய்க்கு வண்டி ஏறினார், நான் பட்டாளத்துக்கு ஏறினேன். அதுவரை மதுரையைத் தாண்டாதவன். நாடு என்றால் எனக்குப் பள்ளிக்கூடத்து வரைபடம்தான். பயிற்சியில் கால் எலும்பு முறிந்து கிடந்தபோது குண்டூர்க்காரன் ஒருவன் தன் லீவைத் தள்ளிப்போட்டுவிட்டு என்கூட இருந்தான். அவன் பேச்சு எனக்குப் புரியாது, என் பேச்சு அவனுக்குப் புரியாது. எனக்கு நாட்டுப்பற்று வந்தது அந்த வார்டில்தான். அதனால் போகும்போதே நெஞ்சு நிறைய நாட்டுப்பற்று இருக்கிறதா என்று பையன்களைச் சோதிக்காதீர்கள். அங்கே போன பிறகு வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் ஆனதும் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். போகும்போது அமைதிப்படை. அக்டோபரில் புலிகளோடு சண்டை. 1990 மார்ச்சில் கடைசியாகத் திரும்புவதற்குள் 1,100-க்கும் மேற்பட்ட நம் சிப்பாய்கள் செத்திருந்தார்கள். அங்கே செத்த பொதுமக்கள் கணக்கு அதைவிடப் பெரியது. எனக்குத் தமிழ் தெரியும் என்பதால் வீடு வீடாகச் சோதனைக்குப் போகும்போது என்னை முன்னால் நிறுத்துவார்கள். கதவைத் திறக்கிற அம்மா என் அம்மா பேசுகிற மொழியில் அழும். திரும்பிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது வரவேற்க முதலமைச்சர் வரவில்லை. அவருக்கு அவருடைய நியாயம். ஆனால் எங்களை அனுப்பியது நாங்கள் இல்லையே.

எங்கே சண்டை போடுவது என்று சிப்பாய் முடிவெடுப்பதில்லை. ஓட்டுப் போடுகிற நீங்கள் தேர்ந்தெடுத்தவர்கள் முடிவெடுக்கிறார்கள். அதனால் ஊரில் இருப்பவர்களுக்கும் நாட்டுப்பற்றில் வேலை இருக்கிறது: எங்கள் பிள்ளையை எதற்காக, எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேளுங்கள். கேட்கிறவனைத் தேசத்துரோகி என்று சொல்ல எந்தப் பட்டாளத்துக்காரனுக்கும் வாய் வராது.

எழுமலை_ஓட்டம் எழுதியது:

ஐயா வணக்கம். எனக்கு 20 வயது. போன தடவை எழுத்துத் தேர்விலேயே வெளியே வந்துவிட்டேன். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்துவிடுவேன், புல்-அப்ஸ் 10 எடுப்பேன். ஆனால் அந்த மைதானத்துக்கே போகவில்லை. நான் பணம் கட்டிச் சேர்ந்த அகாடமியில் காலையும் மாலையும் ஓடத்தான் விட்டார்கள். தேர்வு முதலில், ஓட்டம் அப்புறம் என்று முறை மாறியதை யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

அப்பா, "இன்னொரு தடவை எழுது" என்கிறார். அம்மா போலீஸ் தேர்வுக்குப் படிக்கச் சொல்கிறார். எனக்கு யூனிஃபார்ம் போட வேண்டும், அவ்வளவுதான். எந்த யூனிஃபார்ம் என்று கேட்டால் பட்டாளம்தான் என்பேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வாடிப்பட்டி_அக்கா எழுதியது:

தம்பி, சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை. என் வீட்டுக்காரருக்கும் சொல்லத் தெரியாது. அவர் இப்போது வடக்கே பனிமலையில் இருக்கிறார். இடம் எழுத மாட்டேன்.

நான் எழுதுவது வீட்டில் இருப்பவர்களைப் பற்றி. பட்டாளத்துக்காரர் வீட்டில் எல்லாம் கிடைக்கும் என்று ஊர் நினைக்கிறது. கேன்டீன் கார்டு இருக்கிறது, ஆஸ்பத்திரி வசதி இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள் என்று தாளில் இருப்பதில் எவ்வளவு கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்பது அங்கே உள்ள நிலைமையைப் பொறுத்தது. என் மூத்தவனுக்குக் காது குத்து, மாமனார் சாவு, வீட்டுக் கிரகப்பிரவேசம் மூன்றும் அவர் இல்லாமல்தான் நடந்தன. சிக்னல் இல்லாத இடத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தால் அடுத்த போன் வரும்வரை தூக்கம் எங்கே? டிவியில் காஷ்மீர் என்று ஓடினால் என் மாமியார் எழுந்துபோய் அணைத்துவிடுவார்.

2022 ஆகஸ்ட் 11-ல் ரஜௌரி பர்கால் முகாம் தாக்குதலில் நம் மாவட்டத்து ரைஃபிள்மேன் லட்சுமணன் உயிர்த்தியாகம் செய்தாரே, அந்த வாரம் எங்கள் தெருவில் பட்டாளத்துக்காரர் வீடு எதிலும் ஒழுங்காகச் சோறு இறங்கவில்லை. உடல் மதுரை விமான நிலையத்துக்கு வந்த அன்று அங்கே கட்சிக்காரர்களுக்குள் நடந்த தகராறும், அமைச்சர் காரில் செருப்பு வீசியதும்தான் செய்தியில் பெரிதாக ஓடின. அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். அது ஒரு பிள்ளை வீடு திரும்புகிற நாள். அன்றைக்காவது எல்லோரும் அமைதியாக நின்றிருக்கக் கூடாதா?

பையன்களிடம் சொல்வது இருக்கட்டும், ஊரிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. அவர் இல்லாத நேரம் பார்த்துத்தான் எங்கள் கொல்லையில் வேலிக்கல் நகர்ந்தது. ஓர் அலுவலகத்துக்கு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். கடைசியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுக்கலாம் என்று ஒரு பெரியவர் சொல்லித்தான் வழி பிறந்தது. பணியில் இருப்பவர்களின் குடும்ப மனுக்களையும் அங்கே வாங்குவார்கள். இது பல பெண்களுக்குத் தெரியாது. ஃபிளெக்ஸ் அடிக்கிற பணத்தில் இந்த ஒரு தகவலை ஊர்ச்சாவடியில் எழுதி வைத்திருக்கலாம்.

அப்புறம் கல்யாணப் பேச்சு. அக்னிவீருக்குப் பெண் கேட்டுப் போனால் முதல் கேள்வியே "பெர்மனெண்டா?" என்பதுதான். சேரும்போது கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது என்பது விதி. 4 ஆண்டு முடிகையில் வயது இருபதுகளில்தான் இருக்கும். நிரந்தரமானால் நல்ல வரன், இல்லையென்றால் வேலையில்லாத பையன் என்று ஊர் பேசுகிறது. துப்பாக்கி பிடித்து நாட்டைக் காத்துவிட்டு வந்த பையனை "திருப்பி அனுப்பிட்டாங்களாம்" என்று சொல்கிற வாயை முதலில் மூடுங்கள். 100 பேரில் 75 பேர் வெளியே வருவது திட்டத்தின் கணக்கு, அந்தப் பையன்களின் குறை இல்லை.

கருமாத்தூரான் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. ஆனாலும் என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம்.

நாட்டுப்பற்று என்றால் பட்டாளம் மட்டும்தானா? நம் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ல் என்ன நடந்தது? குற்றப் பரம்பரைச் சட்டத்தில் கைரேகை வைக்க மாட்டோம் என்று நின்ற ஜனங்களை வெள்ளைக்காரப் போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். அவர்களிடம் படையும் இல்லை, கொடியும் இல்லை. பிறப்பை வைத்து எங்களைக் குற்றவாளி என்று எழுதாதே என்று கேட்டார்கள். அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் போக 1947 ஆனது. அதுவும் நாட்டுக்கான சண்டைதான். அந்த ஊர் வழியாக ஓடிப் பயிற்சி எடுக்கிற பையன்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

"நம்ம ரத்தத்துலேயே வீரம் ஓடுது" என்று மீசையை முறுக்குகிற பேச்சுதான் இப்போது ரீல்ஸ் முழுக்க. இந்த 'வீரப் பரம்பரை' என்கிற கதையே வெள்ளைக்காரன் படைக்கு ஆள் எடுக்க வைத்திருந்த கணக்கு. 1857-க்குப் பிறகு அவனுக்குப் பஞ்சாபிகள் வீரப் பரம்பரை, மதராஸ்காரன் லாயக்கில்லை என்று இங்கே ஆள் எடுப்பதையே குறைத்துக்கொண்டே போனான். உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் மறுபடியும் நாம் லாயக்கு ஆகிவிட்டோம். நம் பையன்கள் வலுவாக இருக்கிறார்கள் என்றால் காடு கரையில் உழைத்துத் தின்பதால். பரம்பரைக் கதை சொல்லி அவர்களை உசுப்பேற்ற வேண்டாம்.

மேலூர்_ஆசிரியர் எழுதியது:

கருமாத்தூரான் தொட்ட இடத்தில் நானும் தொடர்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். என் மாணவர்களில் பட்டாளத்துக்குப் போக ஆசைப்பட்டுப் போக முடியாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். உயரம், ஓட்டம் இதில் தட்டினால் மனது ஆறும். எனக்கு ஆறாதது, கேஸ் வாங்கி நின்ற பையன்கள்.

திருவிழாவில் பாட்டுப் போட்டதற்கு அடிதடி, பள்ளிக்கூட வாசலில் கையில் கட்டிய கயிற்றின் நிறத்துக்கு அடிதடி, ஜல்லிக்கட்டு வாடிவாசலில் தள்ளுமுள்ளு, தலைவர் பிறந்த நாளுக்கு வண்டியில் கூச்சல். முதல் தகவல் அறிக்கையில் பெயர் ஏறிவிட்டால் போலீஸ் சரிபார்ப்பு வரும்போது அந்தத் தாள் முன்னால் வந்து நிற்கும். 2022-ல் அக்னிபாத்தை எதிர்த்து ரயில் எரிப்பு நடந்தபோது ராணுவமே தெளிவாகச் சொன்னது: தீ வைப்பு, வன்முறையில் இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதி எழுதித் தர வேண்டும், வழக்கு இருந்தால் சேர முடியாது. தூண்டிவிட்ட பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளை சென்னையில் படித்துக்கொண்டிருப்பான். கேஸில் மாட்டியது ஓட்டக்காரப் பையன்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. பாரக்ஸில் எல்லாச் சாதிக்காரனும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறான், ஒருவன் துப்பாக்கியை நம்பி இன்னொருவன் தூங்குகிறான். அதே ஆள் லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் தனியாக நிற்க வேண்டியிருந்தால், அல்லது அடுத்தவனைத் தனியாக நிறுத்தினால், அவன் எந்த நாட்டுக்குக் காவல் இருந்தான்? எங்கள் மேலூர் பக்கம் மேலவளவில் 1997 ஜூன் 30-ல் பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். ஓட்டு வாங்கித் தலைவரானதுதான் அவர் செய்த ஒரே காரியம். உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தலைவர் பதவிக்கு ஊராட்சித் தேர்தலை ஒழுங்காக நடத்த 2006 வரை ஆனது. அரசியல் சட்டம் கொடுத்த நாற்காலியில் ஒருவரை உட்கார விடாமல் செய்துவிட்டு ஆகஸ்ட் 15-ல் கொடிக்குச் சல்யூட் அடித்தால் அது நாட்டுப்பற்று ஆகுமா? பையன்களிடம் இதைப் பேசுங்கள். வகுப்பில் நான் பேசுகிறேன். சில பெற்றோர் முறைக்கிறார்கள், முறைக்கட்டும்.

படிப்பு விஷயம் ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பட்டாளம் என்றால் சிப்பாய் என்று மட்டும்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி அதிகாரியாகப் போகலாம் என்பது என் வகுப்பில் பலருக்குப் புதுச் செய்தி. அந்தத் தேர்வு இங்கிலீஷிலும் இந்தியிலும் மட்டும்தான். கணக்குத் தாள் நம் பிளஸ் டூ பாடத்தோடு ஒட்டியதுதான், பயப்பட ஒன்றுமில்லை, மொழிதான் தடுக்கிறது. ஆறாம் வகுப்பிலேயே படைக்குத் தயார் செய்கிற அமராவதிநகர் சைனிக் பள்ளிக்கு நுழைவுத் தேர்வு எழுதவும் கிராமத்துப் பெற்றோருக்கு யாரும் வழி சொல்வதில்லை. வீரம் எல்லாம் நம் ஊரில் இருக்கிறது, உத்தரவு போடுகிற நாற்காலியில் நம் ஊர்க்காரன் எத்தனை பேர்? எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு.

பேரையூர்_நாயக் எழுதியது:

சார், பந்தி விஷயம் நூற்றுக்கு நூறு. என் யூனிட் நண்பர் ஒருவர், நம் மாவட்டத்துக்காரர்தான், ஓய்வு பெற்று ஊருக்கு வந்து ஆறு மாதத்தில் மதுரை டவுனுக்கே குடிபோய்விட்டார். காரணம் நீங்கள் எழுதியதுதான். அதற்கு மேல் நான் சொன்னால் ஊர் அடையாளம் தெரிந்துவிடும்.

கருமாத்தூரான் தம்பிக்கு: பெருங்காமநல்லூர் எங்கள் பக்கத்து ஊர்தான். நினைவுத்தூண் இருக்கிறது. ஓடுகிற பையன்களை ஒரு நாள் அங்கே கூட்டிப்போய் நிறுத்திப் பேசுவது நல்ல யோசனை. மலேயாத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள் நேதாஜி படையில் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களும் சம்பளத்துக்காகக் கப்பலேறிப் போன கூலிகள்தான்.

சோழவந்தான்_அண்ணன் எழுதியது:

என் தம்பி அக்னிவீர். அவன் பணியில் இருப்பதால் அவன் எழுதக் கூடாது, நான் எழுதுகிறேன். ஊரில் சுற்றுகிற கணக்கெல்லாம் அரைகுறை. சரியானதை இங்கே போடுகிறேன்.

முதல் ஆண்டு மாதம் 30,000, இரண்டாம் ஆண்டு 33,000, மூன்றாம் ஆண்டு 36,500, நான்காம் ஆண்டு 40,000 ரூபாய். ஆனால் ஒவ்வொரு மாதமும் 30 சதவீதம் சேவா நிதிக்குப் போய்விடும். கையில் வருவது முதல் ஆண்டில் 21,000, கடைசி ஆண்டில் 28,000. பிடித்த பணம் 4 ஆண்டில் சுமார் 5.02 லட்சம். அரசு அதே அளவு போடும். வட்டியோடு சேர்த்து வெளியே வரும்போது 11.71 லட்சம் என்று அறிவித்தார்கள், வரி கிடையாது. ஆயுள் காப்பீடு 48 லட்சம், அதற்குப் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. பணியின் காரணமாக உயிர் போனால் கருணைத் தொகை 44 லட்சம். குடும்ப ஓய்வூதியம் இல்லை. விடுப்பு ஆண்டுக்கு 30 நாள். வெளியே வந்த பிறகு முன்னாள் படைவீரர் என்கிற தகுதி கிடையாது. அதனால் கேன்டீனும் இல்லை, முன்னாள் படைவீரருக்கு உள்ள மருத்துவத் திட்டமும் இல்லை.

இந்தக் கடைசி வரிதான் என் மனதை அறுக்கிறது. ஒரே பனியில், ஒரே காவல் மேடையில் இரண்டு பேர் நிற்கிறார்கள். ஒருவர் பழைய முறையில் வந்தவர், ஒருவர் என் தம்பி. குண்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் நாம் போட்ட காகிதத்தில் இருக்கிறது.

ஆனாலும் தம்பி போனதில் எனக்கு வருத்தமில்லை. பெருமைதான். வீட்டுக்கு ஓடு மாற்றினோம், அக்கா கல்யாணக் கடன் அடைந்தது. முன்பெல்லாம் யாராவது கேள்வி கேட்டால் தலை குனிகிற பையன், இப்போது நிமிர்ந்து நின்று பதில் சொல்கிறான். 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் போன முதல் அணிக்கு 2026 கடைசி, 2027 தொடக்கம் என்று 4 ஆண்டு முடிகிறது. வெளியே வருகிறவர்களுக்கு மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைபிள்ஸிலும் 10 சதவீத ஒதுக்கீடு, வயதுத் தளர்வு என்று 2022-ல் அறிவித்தார்கள். பத்தாவது முடித்துப் போனவனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான சான்றிதழ், இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் என்றெல்லாம் வழி வைத்திருக்கிறார்கள். நான் தம்பியிடம் ஒவ்வொரு போனிலும் கேட்பது, "படிப்புக்குப் பதிஞ்சியா?" என்பதுதான். 11 லட்சத்தை வைத்து என்ன செய்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துவிட்டோம். மொத்தமாகக் கையில் வந்தால் வண்டி வாங்கு, வட்டிக்கு விடு, சீட்டில் போடு என்று ஆள் வருவார்கள்.

கண்மாய்க்கரை எழுதியது:

அண்ணே, இதை அப்படியே அச்செடுத்துப் பையன்களுக்குக் கொடுக்கப்போகிறேன். நல்லதும் கெட்டதும் கலக்காமல் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்த பிறகும் "போறேன்" என்கிறவன் கண்ணைத் திறந்துகொண்டு போகிறான். அவனை அப்புறம் யாரும் ஏளனம் பேச முடியாது.

எழுமலைத் தம்பிக்கு: முறை இப்போது இப்படி. 2023-லிருந்து முதலில் கணினி வழிப் பொதுத் தேர்வு. அதில் தேறினால்தான் ஆள்சேர்ப்பு முகாம். மதுரை மாவட்டம் கோயம்புத்தூர் ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் வருகிறது, தேனியும் திண்டுக்கல்லும் அப்படியே. தேர்வை 2025-லிருந்து தமிழிலும் எழுதலாம், இது பெரிய கதவு. பொதுப் பணிக்குப் பத்தாம் வகுப்பில் மொத்தம் 45 சதவீதமும் ஒவ்வொரு பாடத்திலும் 33-ம் வேண்டும். உயரம் 166 செ.மீ. நீ சொன்ன ஓட்டத்துக்கு முழு 60 மதிப்பெண், 10 புல்-அப்ஸுக்கு முழு 40. உடம்பு தயார். இனி காலையில் ஒரு மணி நேரம் ஓடு, மற்ற நேரம் கணக்கும் பொது அறிவும் படி. வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்.

அம்மா சொல்வதையும் தள்ளிவிடாதே. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வும் 2024-லிருந்து தமிழில் நடக்கிறது. உயரம் மட்டும் 170 செ.மீ. கேட்பார்கள். போலீஸ், இந்தத் தேர்வு, அக்னிவீர் மூன்றுக்கும் படிப்பில் பாதி ஒன்றுதான். மூன்றையும் எழுது.

பணம் கேட்டு யாராவது வந்தால் உடனே விலகு. தேர்வுக் கட்டணம் 250 ரூபாய் என்று இணையதளத்திலேயே கட்டுகிறோம். அதற்கு மேல் "உள்ளே ஆள் இருக்கு" என்று கேட்கிறவன் திருடன். ஆட்டை விற்று, நகையை அடகு வைத்துக் கொடுத்து ஏமாந்த வீடுகளை இந்த வட்டாரத்திலேயே பார்த்திருக்கிறேன்.

தங்கச்சி_திருமங்கலம் எழுதியது:

அண்ணா, எல்லோரும் பையன்கள் பையன்கள் என்றே எழுதுகிறீர்கள். பெண்கள் போகலாமா? எனக்கு 18 வயது. பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தேன். வீட்டில் போலீஸ் என்றால் சரி, பட்டாளம் என்றால் வேண்டாம் என்கிறார்கள்.

வாடிப்பட்டி_அக்கா எழுதியது:

தாராளமாகப் போகலாம்மா. தரைப்படையில் அக்னிவீர் வழியாகப் பெண்களை ராணுவப் போலீஸ் பிரிவுக்கு எடுக்கிறார்கள். உயரம் 162 செ.மீ. 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிடத்துக்குள் ஓடினால் முதல் பிரிவு, 10 அடி நீளம் தாண்ட வேண்டும், 3 அடி உயரம் தாண்ட வேண்டும். கடற்படையிலும் விமானப்படையிலும் பெண் அக்னிவீர்கள் இருக்கிறார்கள். விமானப்படைக்குப் பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், இங்கிலீஷ் படித்திருந்தால் நல்லது, இங்கிலீஷில் தனியாக 50 சதவீதம் கேட்பார்கள். என்.டி.ஏ.வும் இப்போது பெண்களுக்குத் திறந்துவிட்டது, 2022-ல் முதல் அணி உள்ளே போனது. மேலே ஆசிரியர் எழுதியதைப் படி. நீ கணக்குப் பிரிவு என்றால் அதையே முதலில் முயற்சி செய்.

அம்மா அப்பாவிடம் என்ன பேசுவது என்று கேட்டால், என்னோடு பேசச் சொல். வீட்டில் இருந்து காத்திருக்கிற கஷ்டமும் எனக்குத் தெரியும், அந்த யூனிஃபார்ம் வீட்டுக்குள் கொண்டுவருகிற மரியாதையும் தெரியும். தனிச்செய்தியில் எழுது.

பேரையூர்_நாயக் எழுதியது:

எழுத்தும் ஓட்டமும் முடிந்து மருத்துவச் சோதனையில் திரும்பி வருகிற பையன்களைப் பார்த்தால்தான் எனக்கு வயிறு எரியும். அதனால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சை குத்தாதீர்கள். முன்கையின் உள்பக்கம், உள்ளங்கையின் பின்பக்கம் தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சை இருந்தால் தள்ளிவிடுவார்கள். நெஞ்சில் அம்மா பெயர் என்றாலும், தோளில் தலைவர் படம் என்றாலும் ஒன்றுதான். காதில் அழுக்கு அடைத்திருந்தால்கூட நிறுத்துவார்கள், முகாமுக்கு முன்னால் டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள், குச்சி விட்டு நோண்ட வேண்டாம். பல்லுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு, குறைந்தது 14 வேண்டும். பாக்கு, புகையிலை போடுகிறவர்கள் இன்றைக்கே நிறுத்துங்கள். தட்டைப் பாதம், முட்டி ஒட்டுவது, காலில் நரம்பு சுருண்டிருப்பது, விரை வீக்கம் இதெல்லாம் இருக்கிறதா என்று பெரியாஸ்பத்திரியில் முன்கூட்டியே பார்த்துவிடலாம். சிலவற்றுக்குச் சிறிய அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். நெஞ்சளவு 77, மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும்.

சான்றிதழ்களில் ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, சாதிச் சான்று எல்லாவற்றிலும் உன் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் மைதானத்தில் நின்று திருத்த முடியாது.

எழுமலை_ஓட்டம் எழுதியது:

ஐயா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். ஆதாரில் அப்பா பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது. திங்கட்கிழமை உசிலம்பட்டி போய்த் திருத்தக் கொடுத்துவிடுகிறேன். ஆசிரியர் ஐயா, கணக்கில் சராசரியும் விகிதமும் எனக்கு வராது. உங்களிடம் கேட்கலாமா?

மேலூர்_ஆசிரியர் எழுதியது:

கேள் தம்பி. தினமும் இரவு 8 மணிக்கு மேல் கூப்பிடலாம், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். கூட ஓடுகிற மற்ற பையன்களையும் சேர்த்துக்கொள், திருமங்கலத்துப் பிள்ளைக்கும் சொல்லிவிடு. விகிதத்தில் ஆரம்பிப்போம், பழைய வினாத்தாள் ஒன்று கையில் வைத்திருங்கள்.